சிறுநீரகத்தின் காவலர்

இரும்பு கிடந்தாற் துருப்பிடிக்கின்றது. செம்பு கிடந்தாற் களிம்பேறுகின்றது. வளியும் ஈரமும் கூடிச் செய்யும் இவ்வினையில் முதற்பங்கு ஒட்சிசனுக்கே உரியது. அதே ஒட்சிசனைத்தான் நாம் மூச்சுத்தோறும் உள்ளிழுத்து உயிர் வாழ்கின்றோம். உலோகத்தை அரிக்கும் பொருள் உடம்பை மட்டும் அரியாது விடுமோ என்னும் வினா இயல்பாகவே எழும். அரிக்கவே செய்கின்றது என்பது உயிரிரசாயனம் கண்ட விடை. அவ்வரிப்பை இரவு பகலாகத் தடுத்து நிற்கும் காவலும் உடம்பினுள்ளேயே அமைந்திருக்கின்றது என்பது அவ்விடையின் மறுபாதி.

இவ்வரிப்புக்குப் பெரிதும் இலக்காகும் உறுப்புக்களுள் ஒன்று சிறுநீரகம். அதனைக் காக்கும் தாதுப்பொருள்கள் எவை, ஓமோன்கள் எவை, அவை எங்ஙனம் காக்கின்றன என்பவற்றை அறிவது வெறும் அறிவுப்பசி பற்றியதன்று. ‘சிறுநீரகத்துக்கு நல்லது’ என்று எழுதி ஒட்டிய மாத்திரைகளும் தூள்களும் கடைதோறும் மலிந்துவிட்ட காலம் இது. நோயுற்றவர் ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அவ்வீட்டார் எதனையும் வாங்கத் துணிவர். எது மெய்யாகவே காக்கும், எது காவாது, எது காப்பதுபோற் காட்டிக் கேடு செய்யும் என்பது தெரியாவிடின் கைப்பொருளும் போகும். சிலவேளை எஞ்சியிருந்த சிறுநீரகமும் போகும்.

ஓயாத வடிகட்டி

மனிதனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம் நிறையுடையன. உடல் நிறையில் இஃது இருநூற்றில் ஒரு பங்கு. ஆயினும் இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டுக்குமே செல்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள. ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தலைப்பிலும் மயிர்க்குழாய்கள் பின்னிய ஒரு முடிச்சு உண்டு. இம்முடிச்சுக்களை 1666 ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் இத்தாலிய நாட்டு மால்பீகி என்பவர். அம்முடிச்சைச் சூழ்ந்த உறையையும் அதனின்று நீளும் நுண்குழாயையும் தொடர்புபடுத்தி 1842 இல் விளக்கியவர் ஆங்கிலேயரான போமன்.

இவ்வடிகட்டிகளூடாக நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீர் வடிகின்றது. வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லீற்றர் அளவினதே. எஞ்சிய நீர் முழுவதையும், அதனோடு உப்பு, வெல்லம் முதலியவற்றையும், நுண்குழாய்க் கலங்கள் மீட்டுக் குருதியிற் சேர்க்கின்றன. இங்ஙனம் மீட்டெடுத்தல் எளிய தொழிலன்று. கிணற்றிலிருந்து நாள் முழுதும் நீர் இறைப்பவனுக்கு எத்துணை வலிமை வேண்டுமோ, அத்துணை வலிமை இக்கலங்களுக்கும் வேண்டும். அவ்வலிமையைத் தருவன கலங்களினுள்ளே நிறைந்துள்ள இழைமணிகள். நிறைக்கு நிறை ஒப்பிடுமிடத்து, ஒட்சிசனைச் செலவிடுவதில் இதயத்துக்கு அடுத்த நிலையிற் சிறுநீரகம் நிற்பது இதனாலேயாம்.

அடுப்பு எரியுமிடத்துப் பொறி பறக்கும். இழைமணிகளில் ஒட்சிசன் எரியும்போதும் சில துணுக்குகள் தெறிக்கின்றன. இவற்றைச் சுயாதீன மூலிகங்கள் என்பர். இலத்திரன் ஒன்று துணையின்றி நிற்பதால் இவை நிலைகொள்ளாமல், அருகிலுள்ள எப்பொருளினின்றும் ஓர் இலத்திரனைப் பறிக்க முனைவன. கலத்தின் மென்சவ்விலுள்ள கொழுப்பையும், புரதத்தையும், பரம்பரைச் செய்தியைத் தாங்கும் கருப்பொருளையும் இவை தாக்கும். எனினும் இவை முற்றிலும் தீயன அல்ல. உட்புகுந்த கிருமிகளை வெண்குருதிக் கலங்கள் கொல்வதும் இம்மூலிகங்களைப் படைக்கலமாகக் கொண்டே. அளவிற்குள் நிற்குங்கால் அடுப்புத் தீ. அளவு கடந்தாற் கூரைத் தீ.

இலண்டன் மாநகர் கற்பித்த பாடம்

1940 ஆம் ஆண்டுத் தொடங்கி இலண்டன் மாநகர் மீது சேர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. இடிந்த கட்டடங்களின் கீழே கால்கள் நசுங்கிக் கிடந்த சிலர் உயிருடன் மீட்கப்பட்டனர். வைத்தியசாலைக்கு வந்தபோது தேறிவிடுவர் போலத் தோன்றிய அவர்கள், சிறுநீர் குன்றிச் சில நாட்களில் இறந்தனர். பைவோட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர் இருவர் இந்நிலையை 1941 இல் விவரித்தனர். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்பட்ட செந்நிறப் புரதம் குருதி வழியே சிறுநீரகத்தை அடைந்து, நுண்குழாய்களை அடைத்தது. அப்புரதத்தின் நடுவில் இருப்பது இரும்பு. அவ்விரும்பே மூலிகங்களைத் தோற்றுவித்துக் கலங்களைச் சுட்டது என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

சிறுநீரகத்துக்குத் திடீரென்று ஊறு விளைவிப்பன வேறும் உள. பெருங் குருதிப்போக்கு, கடுங் கிருமித்தொற்று, பெரிய சத்திரசிகிச்சை என்பன குருதி ஓட்டத்தைக் குறைப்பன. புற்றுநோய்க்கு வழங்கும் சிஸ்பிளாற்றின், கிருமிகளுக்கு வழங்கும் சென்ராமைசின் முதலிய மருந்துகள் நுண்குழாய்க் கலங்களிலே தங்கி நஞ்சாவன. கண்ணாடி விரியனின் நஞ்சும் அத்தகையது.

இவற்றுள் வியப்புக்குரிய உண்மை ஒன்று உண்டு. குருதி தடைப்பட்டிருக்கும் வேளையினும், அது மீண்டும் பாயத் தொடங்கும் வேளையிலேயே மூலிகங்கள் பெருவெள்ளமாய்த் தோன்றுகின்றன. நெடுநாட் பட்டினி கிடந்தவன் வயிறாரப் புசித்தாற் பசி தீருமுன் நோய் வருவது போல்வது இது. ஒருவர் தானமாகத் தந்த சிறுநீரகத்தை மற்றொருவர் உடலிற் பொருத்தும் போதெல்லாம் இந்நிலை சிறிதாயினும் நேர்கின்றது. ஆதலின், மீளப் பாயும் குருதியின் கொடுமையைத் தணிக்கும் வழியை அறிஞர் நெடுங்காலமாகத் தேடி வருகின்றனர்.

உலோகம் ஏந்திய நொதியங்கள்

உடம்பு தானே அமைத்துக்கொண்ட காவலை இனிப் பார்ப்போம். 1938 ஆம் ஆண்டில் மாட்டுக் குருதியிலிருந்து செம்பு கொண்ட நீலப் புரதம் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அதன் தொழில் யாதென எவருக்கும் தெரியவில்லை. செம்பைச் சேமித்து வைக்கும் பெட்டகம் போலும் என்று கருதி விட்டுவிட்டனர். முப்பத்தோராண்டு கழிந்து, 1969 இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கோர்ட், பிறிடோவிச் என்னும் இருவர் அதன் உண்மைத் தொழிலைக் கண்டனர். அப்புரதம் ஒரு நொதியம். ஒட்சிசன் மூலிகத்தைப் பிடித்து ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றுவது அதன் பணி. செம்பும் நாகமும் அதன் உறுப்புக்கள். இழைமணியினுள்ளே இதே பணியை ஆற்றும் மற்றொரு நொதியத்துக்கு மங்கனீசு உறுப்பாகின்றது.

ஐதரசன் பேரொட்சைட்டும் தீங்கு செய்யக்கூடியதே. அதனை நீராக்கித் தீங்கு நீக்குவார் இருவர். ஒருவர் இரும்பு ஏந்திய கற்றலேசு. மற்றவர் செலனியம் ஏந்திய குளுற்றாதையோன் பேரொட்சிடேசு. இவ்விருவரும் தம் கடமையிற் தவறி, அங்கே கட்டுப்பாடற்ற இரும்பும் இருந்துவிடின், பேரொட்சைட்டிலிருந்து மூலிகங்களுள் மிகக் கொடியது பிறந்துவிடும். இரும்பும் பேரொட்சைட்டும் கூடியவிடத்து நிகழும் இத்தாக்கத்தை ஆங்கிலேய இரசாயனர் பென்ரன் 1894 இலேயே அறிவித்திருந்தார்.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நொதியத்தினுள்ளே கட்டுண்டு நிற்கும் இரும்பு காவலன். கட்டவிழ்ந்து திரியும் இரும்பு கள்வன். தாது ஒன்றே, இருக்கும் இடமும் அளவும் வேறாகும்போது அதன் குணமும் வேறாகின்றது. இக்கட்டுரை முழுவதற்கும் திறவுகோலாவது இவ்வுண்மையே.

நிலவின் பெயர் பெற்ற தாது

1817 இல் சுவீடன் நாட்டு இரசாயனர் பெர்சீலியஸ், கந்தகவமிலத் தொழிற்சாலை ஒன்றின் அடிமண்டியில் புதிய மூலகம் ஒன்றைக் கண்டார். அதனை ஒத்த தெலூரியம் என்னும் மூலகத்துக்கு முன்னரே நிலமகளின் பெயர் இடப்பட்டிருந்தது. ஆகவே புதியதற்குக் கிரேக்கரின் திங்கட் தெய்வமாகிய செலீனியின் பெயரைச் சூட்டினார். அதுவே செலனியம்.

நூறாண்டுக்கு மேலாக அது நஞ்செனவே எண்ணப்பட்டது. 1930 களில் அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளிற் கால்நடைகளைக் கொன்ற பொருள் செலனியமே எனத் துணியப்பட்டமை அவ்வெண்ணத்தை வலியுறுத்திற்று. ஆனால் 1957 இல் குளாவுஸ் சுவார்ஸ் என்பவர், மிகச் சிறிதளவு செலனியம் எலிகளின் ஈரல் அழிவைத் தடுக்கின்றது எனக் காட்டினார். 1973 இல், முன்னே கூறிய குளுற்றாதையோன் பேரொட்சிடேசின் உறுப்பே செலனியம் என்பது நிறுவப்பட்டது. நஞ்சென்று தள்ளிய பொருள் காவலனின் கைவாளாகக் காட்சி தந்தது.

சிறுநீரகத்துக்கும் செலனியத்துக்கும் உள்ள உறவு நெருங்கியது. குருதி நீரில் உலாவும் செலனிய நொதியம், பெரும்பாலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்க் கலங்களிலே ஆக்கப்பட்டு வெளிவருவது. சிறுநீரகம் தளரத் தளர அந்நொதியத்தின் வலிமையும் குருதியிற் குறைகின்றது. வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி அது தொழிற்படத் தொடங்கியதும் அவ்வலிமை மீள உயர்கின்றது. ஆகவே சிறுநீரகம் தன்னைக் காப்பதோடமையாது, உடல் முழுவதற்கும் காவலரை அனுப்பும் பாசறையுமாகின்றது.

நிலத்திற் செலனியம் குன்றிய நாடுகளில் மக்களும் அதன் குறையை எய்துவர். சீனாவின் கெசான் மாவட்டத்தில் 1935 இல் வெளிப்பட்ட இதயத்தசை நோய் அத்தகைய நிலத்தில் எழுந்தது. செலனியம் ஊட்டிய பின்னர் அது தணிந்தது. பின்லாந்து நாடு 1984 இல் வயல்களுக்கு இடும் உரத்துடன் செலனியத்தைக் கலக்கத் தீர்மானித்தது. மாத்திரை கொடுப்பதை விடுத்து மண்ணுக்கே மருந்திட்ட அந்நாட்டாரின் மதி பாராட்டத்தக்கது.

நாகமும் குதிரையின் சிறுநீரகமும்

செலனியத்தின் பெருமை வெளிப்பட்ட அதே 1957 இல், குதிரையின் சிறுநீரகத்து மேற்பட்டையிலிருந்து புதிய புரதம் ஒன்றை மார்கோசெஸ், வாலி என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதிற் கட்மியம் என்னும் நச்சு உலோகம் கட்டுண்டிருந்தது. உலோகத்தையும் கந்தகத்தையும் மிகுதியாகக் கொண்ட அப்புரதத்துக்கு மெற்றலோதயோனீன் என்று பெயரிடப்பட்டது. உடலிற் செல்லும் நாகம் இப்புரதம் பெருகுவதற்குத் தூண்டுகோலாகின்றது. பெருகிய புரதம் கட்மியத்தைச் சிறைப்பிடிக்கின்றது; மூலிகங்களையும் தணிக்கின்றது.

சிறைக்கூடம் நிரம்பி வழிந்தால் யாதாகும் என்பதற்கு யப்பான் நாட்டின் சின்சு ஆற்றங்கரை சான்று. சுரங்கத்திலிருந்து ஆற்றில் இறங்கிய கட்மியம் வயலுக்குச் சென்று நெல்லிற் சேர்ந்தது. அச்சோற்றை உண்டவர்களின் சிறுநீரக நுண்குழாய்கள் பழுதுற்றன, என்புகள் நொறுங்கின. வலி தாங்காது அவர்கள் கதறிய ஒலியே ‘இத்தாய் இத்தாய்’ என அந்நோய்க்குப் பெயராயிற்று. கட்மியமே காரணமென 1968 இல் அந்நாட்டரசு ஏற்றுக்கொண்டது. கட்மியம் சிறுநீரகத்தினுட் புகுந்தால் ஆண்டுகள் பல கழிந்தும் அகலாது.

எனினும் நாகத்தை வேண்டியவாறு விழுங்குதலும் தகாது. மிகுந்த நாகம் செம்பு உட்செல்வதைத் தடுக்கும். செம்பு குன்றினாற் குருதிச்சோகை வரும். செம்பையும் நாகத்தையும் ஒருங்கே வேண்டும் நொதியமும் தளரும். ஒரு காவலனுக்கு இருமடங்கு உணவிட்டு மற்றவனைப் பட்டினி போட்டால் கோட்டை காவலுறாது.

இருளிற் சுரப்பது

தாதுக்களை விடுத்து ஓமோன்களுக்கு வருவோம். 1958 இல் யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஏரன் லேனர், மாட்டின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியிலிருந்து ஓமோன் ஒன்றைப் பிரித்தார். தவளைத் தோலின் கருநிறத்தை அது வெளிறச் செய்தமையால் மெலற்றோனின் என்று பெயர் பெற்றது. இருள் சூழ்ந்த பின்னரே இது மிகுதியாகச் சுரக்கும். உடலுக்கு இரவு வந்ததென அறிவிக்கும் தூதன் என்றே இதனை நெடுங்காலம் கருதினர். 1993 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ரைற்றர் என்பவரின் குழுவினர், கொடிய மூலிகத்தை இது நேரே தணிக்க வல்லது எனக் காட்டினர்.

அதன்பின் ஆய்வுகள் பெருகின. எலிகளின் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைச் சிறிது நேரம் தடுத்துப் பின் விட்டபோதும், சிஸ்பிளாற்றின், சென்ராமைசின் ஆகியவற்றைக் கொடுத்தபோதும், மெலற்றோனின் பெற்ற எலிகளின் சிறுநீரகம் குறைந்த ஊறே எய்திற்று. நிலவின் பெயர் கொண்ட தாதுவும் இரவிற் சுரக்கும் ஓமோனும் ஒரே பணியில் இணைந்தமை தற்செயலே. ஆயினும் நினைவில் இருத்த உதவும்.

இரண்டாவது ஓமோன் சிறுநீரகத்திலேயே பிறப்பது. என்பு மச்சையைத் தூண்டிச் செங்குருதிக் கலங்களை ஆக்குவிக்கும் எரித்திரோபொயற்றின் அது. இதனைத் தூய்மையாகப் பெற, குருதிச்சோகை நோயாளரின் சிறுநீர் 2550 லீற்றர் சேகரிக்கப்பட்டது. அத்துணை நீரிலிருந்து சில மில்லிகிராம் ஓமோனையே கோல்ட்வாசர் என்பவரின் குழுவினர் 1977 இற் பெற்றனர். 1985 இல் இதன் பரம்பரையலகு பிரதி செய்யப்பட்டமையால், தேவையான அளவு ஆக்கும் வழி பிறந்தது. சிறுநீரகம் செயலிழந்தோரின் சோகைக்கு இஃது இன்று கைகண்ட மருந்து. விலங்குகளில் இது சிறுநீரகக் கலங்களைச் சாவினின்றும் காத்தமையும் காணப்பட்டது.

மூன்றாவது, 1997 இல் யப்பானியர் குரோ-ஓ அறிவித்த குளோத்தோ. மனிதரின் ஆயுள் நூலை நூற்கும் கிரேக்கத் தெய்வத்தின் பெயர் இது. இப்புரதம் பெரிதும் சிறுநீரகத்திலே தோன்றி, அதன் ஒரு பகுதி குருதியிற் கலந்து ஓமோன் போலத் தொழிற்படுகின்றது. இஃது இல்லாத சுண்டெலிகள் இளமையிலேயே முதுமையெய்தி இறந்தன. சிறுநீரகம் நலிந்தால் இதுவும் நலிகின்றது.

எலிக்கு ஆயது மனிதர்க்கு ஆகுமா?

இதுவரை கூறியவற்றைப் படித்த ஒருவர், ‘இனியென்ன? செலனியமும் மெலற்றோனினும் வாங்கி விழுங்கினாற் சிறுநீரகம் நெடிது வாழும்’ என்று எண்ணக்கூடும். விற்பவர் சொல்வதும் அதுவே. ஆனால் மனிதரிடத்து நிகழ்ந்த சோதனைகள் வேறு பாடம் புகட்டுகின்றன.

நியூசிலாந்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளருக்கு, சிறுநீரக ஊறு தொடங்கும் குறி தென்பட்டவுடன் எரித்திரோபொயற்றின் கொடுத்துப் பார்த்தனர். 2010 இல் வெளியான முடிவு, யாதொரு காப்பும் கிட்டவில்லை என்பது. சோகையைப் போக்க அதே ஓமோனை மிகுதியாகக் கொடுத்தாலோ கேடும் உண்டு. நீரிழிவும் சிறுநீரக நோயும் உடைய 4038 பேரிடம் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்தைச் சோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றோரிடையே மூளைக் குருதியடைப்பு ஏறக்குறைய இருமடங்காயிற்று.

இதய சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஏறக்குறைய 1400 பேருக்குச் சேர்மனியிலும் கனடாவிலும் செலனியம் ஏற்றிப் பார்த்தனர். 2023 இல் வெளியான அவ்வாய்விலும், உறுப்புக்கள் செயலிழப்பதோ மரணமோ குறையவில்லை. குளுற்றாதையோனுக்கு மூலப்பொருள் தரும் அசற்றைல்சிஸ்ரீன் என்னும் மருந்தின் கதையும் இதுவே. கதிர்ப்படத்துக்கு ஏற்றும் சாயத்தினாற் சிறுநீரகம் பழுதுறாது காக்கும் என்று 83 நோயாளரைக் கொண்ட ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டிற் கூறியது. உலகெங்கும் அதனைக் கைக்கொண்டனர். 2018 இல் ஏறக்குறைய 5000 பேரிடம் செய்த பேராய்வு, பயனில்லை என்று முடித்தது.

இவ்வாறு நேர்வது ஏன்? காரணங்கள் சில உள. எலியின் ஊறு எந்த நாழிகையில் தொடங்கும் என்பது சோதனை செய்பவனுக்கு முன்கூட்டியே தெரியும். ஆதலால் மருந்தை முன்னரே ஊட்டிவிடுகின்றான். மனிதன் வைத்தியசாலையை அடையும்போது தீ பற்றி நெடுநேரமாகிவிடும். எலி இளமையும் நலமும் உடையது. நோயாளி முதுமையும் நீரிழிவும் உடையவர். இவற்றினும் முதன்மையான காரணம் வேறொன்று. குறையுள்ளவனுக்கே நிரப்புதல் பயன் தரும். நிறைந்த குடத்தில் மேலும் வார்த்தால் நீர் நிலத்திலேதான் சிந்தும்.

இதற்குச் சான்று சுவீடனிற் கிடைக்கின்றது. அந்நாட்டு நிலம் செலனியம் குன்றியது. அங்கே முதியோர் 443 பேரைக் கொண்டு நான்காண்டு நிகழ்ந்த ஒரு சோதனையில், செலனியமும் துணைநொதியம் கியூ10 உம் சேர்த்துப் பெற்றோரிடையே இதயநோய் மரணம் குறைந்தது. அவர்களுள் ஒரு பகுதியினரைப் பின்னர் ஆராய்ந்தபோது, சிறுநீரகத் தொழிலும் ஒப்பளவில் மேம்பட்டிருந்தமை புலனாயிற்று. சிறிய ஆய்வே எனினும், குறை இருந்தவிடத்தே பயன் விளைந்தது என்பதை அது சுட்டுகின்றது.

நமது வரண்ட பிரதேசம்

இக்கருத்து நம் நாட்டையும் தொடுகின்றது. 1990 களில் தொடங்கி, அநுராதபுரம், பொலநறுவை முதலிய மாவட்டங்களிலும், வவுனியாப் பகுதியிலும், நீரிழிவோ குருதியமுக்கமோ இல்லாத கமக்காரர் பலர் சிறுநீரகம் பழுதுற்று மெலிவதை மருத்துவர் கண்டனர். நுண்குழாய்களையே முதலிற் தாக்கும் இந்நோய்க்கு, ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்பதே பெயராக நிலைத்தது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் கூடி நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளரின் சிறுநீரிற் கட்மியம் மிகுந்திருந்ததைக் காட்டியது. அவர்களுட் சோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேருக்குக் குருதி நீரிற் செலனியம் லீற்றருக்கு 90 மைக்கிரோகிராமுக்குக் கீழே இருந்தது. செலனிய நொதியம் முழு வலிமையோடு தொழிற்பட ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். நஞ்சு வந்தவிடத்துக் காவலும் மெலிந்திருந்தது போலும் என்பது ஆய்வாளரின் கருத்து.

இதனைக்கொண்டு செலனியக் குறையே நோய்க்குக் காரணம் என்று முடிவுகட்டல் பொருந்தாது. புளோரைட்டு மிகுந்த வன்னீர், களைக்கொல்லியும் பூச்சிகொல்லியும், கடுவெயிலில் நீரருந்தாது உழைத்தல், பரம்பரை இயல்பு எனப் பலவும் ஆராயப்பட்டுள்ளன. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளிற் கரும்புத் தோட்டத் தொழிலாளரை இதனை ஒத்த நோய் வருத்துகின்றது. அங்கே தொழிலாளருக்கு நீரும் நிழலும் ஓய்வும் அளித்து ஊறு குறைக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. காவலனுக்கு வாள் கொடுப்பதினும் பகைவனை வாயிலுக்கு வராமற் தடுப்பது சிறந்த காவல் என்பதை அம்முயற்சிகள் உணர்த்துகின்றன.

அளவே காவல்

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய செலனியம் 55 மைக்கிரோகிராம் மட்டுமே. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் 55 கூறு. 2008 இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு சத்துநீரில், தயாரிப்புத் தவறினால், குறித்த அளவினும் ஏறக்குறைய இருநூறு மடங்கு செலனியம் கலந்துவிட்டது. பத்து மாநிலங்களில் 201 பேர் மயிர் உதிர்ந்தும் நகம் சிதைந்தும் வயிற்றோட்டத்தால் வருந்தியும் நஞ்சுண்டாராயினர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சென்னும் பழமொழிக்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுவதில்லை.

சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்தவர் பிறரினும் விழிப்பாக இருத்தல் வேண்டும். மிகுந்ததை வெளியேற்றும் வாயிலே அவர்க்கு அடைபட்டிருக்கின்றது. பிறருக்குத் தீங்கு செய்யாத மகனீசியம், பொற்றாசியம் முதலிய தாதுக்களும் அவருடலிற் தேங்கி இதயத்தைத் தாக்கும். ஒட்சியேற்றத்தைத் தடுப்பதெனப் போற்றப்படும் உயிர்ச்சத்து ‘சி’யைப் பேரளவில் உட்கொண்டால், அஃது ஒட்சலேற்றாக மாறிச் சிறுநீரகத்திற் படியும். காமரங்காய் நலமுடையோர்க்குக் கனி. சிறுநீரக நோயாளருக்கு நஞ்சு. ஆகவே இத்தகையோர் மருத்துவரைக் கேளாது எந்தச் சத்து மாத்திரையையும் வாங்குதல் ஆகாது.

நலமாக உள்ளவர்க்கோ இத்தாதுக்களைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போகவேண்டிய தேவை அரிதே. கடல் மீனிலும் முட்டையிலும் செலனியம் உண்டு. நண்டிலும் பயறு கடலைகளிலும் நாகம் உண்டு. மரமுந்திரிகைப் பருப்பிலும் ஈரலிலும் செம்பு உண்டு. தவிடு நீக்காத தானியத்திலும் தேயிலையிலும் மங்கனீசு உண்டு. மெலற்றோனினைப் பெறுவதற்குப் பணமே வேண்டாம்; விளக்கையணைத்துக் காலத்தோடு உறங்கினாற் போதும்.

இவற்றோடு செய்யத்தக்கன சில. வெயிலில் உழைப்போர் தாகம் வருமுன் நீரருந்துக. உச்சிப்பொழுதில் நிழலில் ஆறுக. நோமருந்து மாத்திரைகளை நாள்தோறும் தாமாக வாங்கி விழுங்காதொழிக. அவை சிறுநீரகத்தின் குருதியோட்டத்தைக் குறைப்பன. நீரிழிவையும் குருதியமுக்கத்தையும் அடக்கி வைக்குக. ஆண்டுக்கொரு முறை சிறுநீரையும் குருதியையும் சோதித்தறிக. சிறுநீரகம் பெரும்பகுதி பழுதுறும்வரை வாய்திறந்து முறையிடாத உறுப்பு.

தாதுக்களையும் ஓமோன்களையும் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. எவருக்கு, எப்பொழுது, எவ்வளவு கொடுத்தாற் பயன்படும் என்பதை அறிஞர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் தெளிந்து கூறும் நாள்வரை, உடம்பு தனக்கெனத் திரட்டிவைத்த காவற்படைக்கு அன்றாட உணவும் இரவில் ஓய்வும் குடிக்கத் தூய நீரும் கொடுத்தலே நம் கடன். வரண்ட பிரதேசத்துக் கமக்காரனுக்கு வேண்டுவதும் விலையுயர்ந்த மாத்திரைப் புட்டி அன்று. அவன் கிணற்றிலே நன்னீரும், வயலோரத்தில் ஒரு மரநிழலும், அருகில் ஒரு சோதனை நிலையமுமே. அவற்றை அவனுக்குக் கொடுப்பது அவன் உழைப்பிலே சோறுண்ணும் நம் அனைவர்க்கும் உரிய கடமை.